கண்வில்லை: தெளிந்ததா, மஞ்சளா?

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது முதுமொழி. அச்சிரசிலே அமைந்த உறுப்புக்களுள்ளும் கண்ணே தலையாயது என்பதை, அதன் ஒளி குன்றத் தொடங்கிய பின்னரே மனிதர் முற்றாக உணர்கின்றனர். முதுமையிலே பார்வை இழப்பதற்குரிய காரணங்களுள் உலகெங்கும் முன்னிற்பது கண்புரை. அப்புரையைச் சத்திரசிகிச்சையினால் நீக்கி, அவ்விடத்தே செயற்கை வில்லை ஒன்றைப் பொருத்திவிடும் முறை இன்று எங்கும் வழக்கிலுள்ளது. அவ்வாறு பொருத்தப்படும் வில்லைகளை நிறம் நோக்கி இரு வகைப்படுத்தலாம். ஒன்று நீர்போலத் தெளிந்தது. மற்றொன்று இளமஞ்சட் சாயல் ஊட்டப்பெற்றது. இவ்விரண்டினுள் எதனைத் தெரிந்தெடுப்பது என்ற வினா இன்று பல குடும்பங்களிலே எழுகின்றது. அவ்வினாவை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமம் ஒன்றிலே வாழும் மூதாட்டி ஒருவரை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்வார்களாக. பனையோலையிலே பெட்டியும் பாயும் இழைப்பது அவர் தொழில். ஓலையை உலர்த்தி, வார்ந்து, சாயத்திலே தோய்த்து, சிவப்பும் பச்சையும் நீலமும் ஒன்றையொன்று அடுத்து வருமாறு இழைப்பதிலே அவருக்கு இணையில்லை என்பது ஊரார் வாக்கு. எழுபது வயது கடந்த பின் ஒரு நாள், அவர் இழைத்துக் கொடுத்த பெட்டி ஒன்று திரும்பி வந்துவிட்டது. நீல ஓலை வரவேண்டிய வரிசையிலே பாதிக்குப் பச்சை ஓலை கலந்திருந்தது. "நீலந்தானே போட்டனான்" என்று அவர் சாதித்தார். பேர்த்தி இரண்டு ஓலைகளையும் முற்றத்து வெயிலிலே அருகருகே பிடித்துக் காட்டிய பின்னும் வேற்றுமை அவருக்குப் புலப்படவில்லை. கண்ணைப் பரிசோதித்த வைத்தியர், இரு கண்களிலும் புரை முற்றியிருக்கின்றது என்றார்.

மகன் தாயைத் தனியார் வைத்தியசாலை ஒன்றுக்கு அழைத்துச் சென்றான். அங்கே வில்லைகளின் விலைகளை எழுதிய தாள் ஒன்று அவன் கையிலே கொடுக்கப்பட்டது. மஞ்சள் வில்லைக்கு விலை கூடுதலாக இருந்தது. அது விழித்திரையைக் காக்கும் வில்லை என்று அங்கிருந்த ஒருவர் விளக்கமும் சொன்னார். பெற்ற தாயின் கண்ணுக்கு விலை குறைந்த பொருளையா வாங்குவது என்று மகனின் மனம் சஞ்சலப்பட்டது. காணித்துண்டு ஒன்றை ஈடு வைப்பது என்றும், பணம் கைக்கு வரும்வரை சிகிச்சையைப் பிற்போடுவது என்றும் அவன் முடிவு செய்தான். "தம்பி, காணியை ஈடு வைச்சு எனக்கொரு கண் வேண்டாம்" என்றார் தாய். இக்குடும்பம் கற்பனைக் குடும்பமே. ஆயினும் அவர்களை வாட்டிய ஐயம் கற்பனையன்று. அந்த மகன் செய்த முடிவு சரியானதா என்பதை அறிய வேண்டுமாயின், முதலிலே கண்வில்லையின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

கண்மணிக்குப் பின்னால் இயற்கையாகவே ஒரு வில்லை அமைந்துள்ளது. வெளியிலிருந்து வரும் ஒளியைக் குவித்து விழித்திரையிலே விழச் செய்வது அதன் பணி. குழந்தைப் பருவத்திலே அது பளிங்குபோலத் தெளிந்திருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது மஞ்சளாகி, சிலரிடத்தே கபில நிறமும் எய்துகின்றது. இம்மாற்றம் நாளொன்றிலே நிகழ்வதன்று. பல ஆண்டுகளாக மிக மெதுவாக நிகழ்வது. ஆதலினால், தம் கண் மஞ்சட் கண்ணாடி ஒன்றினூடாகவே உலகத்தைப் பார்க்கின்றது என்பதை முதியோர் அறிவதில்லை. மஞ்சள் நிறப் பொருள் நீல ஒளியை விழுங்கும். எனவே நீலமும் கருமையும், நீலமும் பச்சையும் அவர்களுக்கு மயங்கித் தோன்றுகின்றன. வில்லை மேலும் கலங்கி, ஒளியைச் சிதறடிக்கும் நிலையை அடையும்போது அதனையே கண்புரை என்கின்றோம். மூதாட்டியின் பெட்டியிலே நிறம் மாறியது கைத்தவறன்று, கண்வில்லையின் முதுமை.

புரை கொண்ட வில்லையை நீக்கும் கலை பழையது. ஆயினும் நீக்கிய பின் அவ்விடம் வெறுமையாகவே விடப்பட்டமையால், சிகிச்சை பெற்றோர் போத்தல் அடிபோன்ற தடித்த மூக்குக் கண்ணாடியை வாழ்நாள் முழுவதும் அணிய வேண்டியிருந்தது. இந்நிலையை மாற்றியவர் ஹரல்ட் றிட்லி என்னும் ஆங்கிலேய வைத்தியர். இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானிய விமானிகள் சிலருடைய கண்களுக்குள், உடைந்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துணுக்குகள் பாய்ந்திருந்தன. கண்ணுக்குள் அந்நியப் பொருள் புகுந்தால் அழற்சி உண்டாவது இயல்பு. ஆனால் இத்துணுக்குகள் அத்தகைய பெருந்தீங்கு எதனையும் விளைக்காது கண்ணுக்குள்ளேயே அமைதியாக இருந்தன. அதைக் கண்ட றிட்லி, அதே இனப் பிளாஸ்டிக்கினால் வில்லை செய்வித்து, 1949ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 29ஆந் திகதி இலண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையிலே முதன்முதலாக ஒரு நோயாளியின் கண்ணுள் வைத்தார். அவ்வில்லையின் வலு கணக்குக்கு மிஞ்சிவிட்டமையால் நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை உண்டாயிற்று. சக வைத்தியர்கள் பலர் நீண்டகாலம் அவரை எதிர்த்தனர். எனினும் அவர் வகுத்த வழியே இறுதியில் வென்றது. 2000ஆம் ஆண்டிலே அவருக்குச் சேர் பட்டம் வழங்கப்பெற்றது. அதற்கு அடுத்த ஆண்டிலே அவர் காலமானார்.

இன்று வைக்கப்படும் வில்லையின் நடுப்பகுதி ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் அகலமுடையது. அதனை மடித்து, 3 மில்லிமீற்றருக்கும் குறைந்த துளையினூடே உட்செலுத்தி, உள்ளே விரியச் செய்கின்றனர். இங்கே ஒரு மயக்கத்தையும் நீக்குதல் நன்று. 1961ஆம் ஆண்டிலே டொக்டர் ஹட்சன் சில்வா நிறுவிய இலங்கைக் கண்தான சங்கத்தின் வாயிலாக உலகுக்கு வழங்கப்படும் தானம், கண்ணின் முன்புறத்தே உள்ள ஒளிபுகும் படலத்தைப் பற்றியது. புரைக்காக வைக்கப்படும் வில்லையோ எவருடைய கண்ணிலிருந்தும் எடுக்கப்படுவதன்று, தொழிற்சாலையிலே செய்யப்படுவது.

இனி நிறத்தின் கதைக்கு வருவோம். மனிதக் கண்ணுக்குப் புலப்படும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர் வரை அலைநீளமுடையது. 400க்குக் கீழுள்ளவை ஊதாக் கடந்த கதிர்கள். அவை கண்ணுக்குத் தீங்கானவை. 400க்கும் 500க்கும் இடைப்பட்டவை ஊதாவும் நீலமும். வளர்ந்தோரின் இயற்கை வில்லை ஊதாக் கடந்த கதிர்களைப் பெரிதும் தடுத்துவிடுகின்றது. தொடக்கத்திலே செய்யப்பட்ட செயற்கை வில்லைகள் அவ்வாறு தடுக்கவில்லை. 1980களிலிருந்து அக்கதிர்களைத் தடுக்கும் பொருள் வில்லையோடு சேர்க்கப்பட்டு வருகின்றது. இன்று தெளிந்த வில்லை என்று வழங்கப்படுவதும் ஊதாக் கடந்த கதிர்களைத் தடுக்கின்றது என்பதை நேயர்கள் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். தெளிந்த வில்லை காவலற்ற வில்லை அன்று. மஞ்சள் வில்லை அதற்கு மேலும் ஒரு படி சென்று, கட்புலனாகும் நீல ஒளியிலும் ஒரு பகுதியைக் குறைக்கின்றது. இத்தகைய வில்லைகள் 1990களிலே யப்பானிலே வழக்குக்கு வந்தன. 2003ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலும் அனுமதி பெற்றன. இவற்றின் மஞ்சள் மிக மெல்லியது. வெயிற்கண்ணாடிபோலக் கருமையானதன்று, எதிரே நிற்பவருக்குத் தெரிவதுமன்று.

கண்ணொளியின் நிறம் மாறுவது எத்துணைப் பெரிய அனுபவம் என்பதற்குப் பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே சான்றாவார். 1912ஆம் ஆண்டிலே அவருக்குக் கண்புரை உண்டென்று அறியப்பட்டது. அதன்பின் அவர் தீட்டிய ஓவியங்களிலே செம்மையும் கபிலமும் மிகுந்தன. வர்ணக் குழாய்களிலே எழுதியிருந்த பெயர்களை நம்பியே அவர் நிறம் எடுக்க வேண்டியதாயிற்று. 1923ஆம் ஆண்டிலே, தமது 82ஆம் வயதிலே, வலக்கண்ணிலே சத்திரசிகிச்சை செய்துகொண்டார். புரை நீங்கியதும் உலகம் முழுவதும் அவருக்கு நீலமாகத் தோன்றிற்று. அதனைப் பொறாது அவர் பெரிதும் வருந்தினார். பின்னர் நிறமூட்டிய மூக்குக் கண்ணாடிகளின் துணையோடு ஒருவாறு அமைதி பெற்று, அல்லித் தடாகத்தைச் சித்திரிக்கும் தம் பேரோவியங்களிலே தொடர்ந்து உழைத்தார். 1926ஆம் ஆண்டிலே அவர் மறைந்தார். மொனேயின் காலத்திலே கண்ணுள் வைக்கும் வில்லை இருந்ததில்லை. எனவே அவர் பட்ட துன்பம் அத்தனையையும் இன்றைய நோயாளி படவேண்டியதில்லை. ஆயினும், தெளிந்த வில்லை பெற்றோர் சிலர் இன்றும் முதற் சில நாட்களிலோ வாரங்களிலோ எல்லாம் நீலம் பாய்ந்திருப்பதாகச் சொல்வதுண்டு. மூளை தானே பழகிக்கொள்ள, அது மறைந்துவிடும்.

மஞ்சள் வில்லையை ஆதரிப்போர் கூறும் நியாயம் யாது? விழித்திரையின் நடுவே மஞ்சட் பொட்டு என்னும் சிறு பகுதி உண்டு. எழுத்தை வாசிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் அதன் உதவியினாலேயே. முதுமையிலே அப்பகுதி நலிவடையும் நோய் ஒன்று உளது. அதனால் நடுப்பார்வை கெடும். 1966ஆம் ஆண்டிலே எலிகளையும், 1976ஆம் ஆண்டிலே குரங்குகளையும் கொண்டு நிகழ்த்தப்பட்ட சோதனைகள், கடுமையான ஒளி விழித்திரையைப் புண்படுத்தும் என்பதையும், அவற்றுள் நீல ஒளியே கூடிய தீங்கு செய்யும் என்பதையும் காட்டின. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவிலே தொழில் செய்த 838 கடற்றொழிலாளரை ஆராய்ந்து 1992ஆம் ஆண்டிலே வெளியிடப்பட்ட அறிக்கையிலே, அந்நோய் முற்றியவர்கள் தம் பிற்காலத்திலே நீல ஒளிக்குக் கூடுதலாக ஆட்பட்டிருந்தனர் என்று கூறப்பட்டது. இயற்கை வில்லை முதுமையிலே தானாகவே மஞ்சளாகின்றது. அதனை எடுத்துவிட்டு நீர்போன்ற வில்லையை வைத்தால் விழித்திரையின் காவலை நீக்கியதாகாதா என்பது அவர்கள் வினா. வினா பொருத்தமானதே.

மறுதரத்தார் கூறுவதும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மங்கிய வெளிச்சத்திலே பார்ப்பதற்கு உதவும் கோல்கள் என்னும் விழித்திரைக் கலங்கள், 500 நனோமீற்றரை அண்டிய நீலப்பச்சை ஒளியையே மிகுதியாக உணர்கின்றன. நீலத்தைக் குறைத்தால், இருளிலே தட்டுத் தடுமாறும் முதியோருக்கு இருக்கும் சிறிதளவு ஒளியும் குறையாதா? அன்றியும், பகல் இது இரவு இது என்று உடலுக்கு உணர்த்தி, நித்திரையை ஒழுங்கு செய்யும் தனிக் கலங்கள் விழித்திரையிலே உண்டென்று 2002ஆம் ஆண்டிலே நிறுவப்பட்டது. அவை 480 நனோமீற்றரை அண்டிய நீல ஒளிக்கே மிகுதியாக இணங்குகின்றன. யாவற்றினும் மேலாக, வெயிலிலே செல்லும்போது கறுப்புக் கண்ணாடி அணியலாம், குடை பிடிக்கலாம். வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைக்கலாம். கண்ணுள் வைத்த மஞ்சளை இரவு வந்தது என்று கழற்ற முடியுமோ என்று இவர்கள் கேட்கின்றனர்.

இருதரத்து நியாயங்களும் கேட்பதற்கு நன்றாகவே இருக்கின்றன. ஆயினும் வைத்தியத்திலே நியாயம் மட்டும் போதாது. நோயாளரிடத்தே கண்ட பயன் வேண்டும். 2018ஆம் ஆண்டிலே கொக்ரேன் என்னும் சர்வதேச ஆய்வமைப்பு இப்பொருள் பற்றி விரிவான மதிப்பீடு ஒன்றை வெளியிட்டது. 17 நாடுகளிலே, 5000க்கு மேற்பட்ட கண்களிலே நடத்தப்பட்ட 51 ஒப்பீட்டுச் சோதனைகள் அதிலே தொகுக்கப்பட்டன. கண்ட முடிவு யாது? பார்வையின் கூர்மையிலே இருவகை வில்லைகளுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. மஞ்சட் பொட்டின் நலத்தை மஞ்சள் வில்லை காக்கின்றது என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. அந்நோய் பல ஆண்டுகளாக வளர்வது. சோதனைகளோ பெரும்பாலும் குறுகிய காலத்தன. எனவே காக்காது என்றும் அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை. அவ்வாறே, மஞ்சள் வில்லையினால் நித்திரை கெடும், இரவுப் பார்வை கெடும் என்ற அச்சமும் நோயாளரிடத்தே உறுதியாக நிலைநாட்டப்படவில்லை. மஞ்சள் வில்லை வைத்த கண்ணுக்குள்ளும், முற்றிய புரையினூடே சென்றதைவிட மிகக் கூடுதலான நீல ஒளி செல்லும் என்பதை நினைவிற் கொண்டால் இதன் காரணம் விளங்கும்.

சுருங்கக் கூறின், இரண்டும் நல்ல வில்லைகளே. ஒன்று கண்ணைக் காப்பது, மற்றது கெடுப்பது என்னும் பேதம் இல்லை. இவ்வுண்மையை அறிந்தால், விலைத்தாளைக் கையிலே வைத்துக்கொண்டு நிற்கும் மகனின் மனச்சுமை பெரும்பாலும் இறங்கிவிடும். விழித்திரையைக் காக்க விரும்புவோர்க்குச் செலவு குறைந்த வழிகள் உண்டு. புகைபிடித்தலை விட்டுவிடுதல் அவற்றுள் முதன்மையானது. ஏனெனில் மஞ்சட் பொட்டு நோய்க்கு மனிதர் தாமே தேடிக்கொள்ளும் காரணங்களுள் புகையே முன்னிற்பது. நடுவெயிலிலே தொப்பியும் குளிர்க்கண்ணாடியும் அணிதல் அடுத்தது. நீரிழிவு உடையோர் ஆண்டுதோறும் விழித்திரையைப் பரிசோதிப்பித்தல் மற்றொன்று.

நிறத்தைவிடப் பன்மடங்கு முக்கியமானவை வேறு உள. வில்லையின் வலு சரியாக அளக்கப்பட வேண்டும். றிட்லியின் முதல் நோயாளிக்கு நேர்ந்தது இன்று நேராதிருப்பது அவ்வளவையினாலேயே. சத்திரசிகிச்சை செய்பவரின் கைத்தேர்ச்சியும், பின்னர் மருந்துத்துளிகளைத் தவறாது இடுவதும் அத்தகையனவே. யாவற்றினும் முக்கியமானது காலம். கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்று பழமொழி கூறும். விலை கூடிய வில்லைக்குப் பணம் சேரட்டும் என்று காத்திருக்கும் மாதங்களிலே, புரை கொண்ட முதியவர் படியிலே தடுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், எந்த நிற வில்லையும் அதற்கு ஈடாகாது. நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளிலே இச்சிகிச்சை இலவசமாகச் செய்யப்படுகின்றது. விலை குறைந்த வில்லை தரங்குறைந்தது என்று எண்ணுவதும் தவறு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து 1992ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற ஆரோலாப் என்னும் தொழிற்சாலை, அதுவரை வெளிநாட்டிலிருந்து பெருவிலை கொடுத்து வாங்கப்பட்ட வில்லையை மிகக் குறைந்த விலையிலே செய்து, ஏழை நாடுகள் பலவற்றுக்கும் அனுப்பி வருகின்றது.

ஆயின், நிறத்தைப் பற்றிச் சிந்திக்கவே வேண்டாமோ எனின், சிலர் சிந்திக்க வேண்டும். ஒரு கண்ணிலே முன்னரே ஒரு வகை வில்லை வைக்கப்பட்டிருந்தால், மற்றக் கண்ணுக்கும் அதே வகையையே வைத்தல் நன்று. இல்லையேல் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்குந்தோறும் வெண்மை வேறுபடுவதைச் சிலர் உணர்வர். ஓவியரும், சாயத் தொழிலாளரும், நிறம் பார்த்துத் துணி விற்போரும் தம் தொழிலை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நிலவொளியிலே வலை வளைப்போரும் இரவுக் காவலாளரும் அவ்வாறே. மஞ்சட் பொட்டு நோயின் அறிகுறி ஏற்கெனவே காணப்பட்டோருக்கு மஞ்சள் வில்லையை விரும்பும் வைத்தியர்களும் உளர். வைத்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் எவரும் எண்ணலாகாது. வைத்த வில்லையை எடுத்து வேறு வைப்பது இயலுமாயினும் இடர் மிகுந்தது.

எனவே, வைத்தியரைக் காணச் செல்வோர் ஐந்து வினாக்களை மனத்திலே கொண்டு செல்வார்களாக. இக்கண்ணின் விழித்திரை நலமாக உள்ளதா? இவ்வில்லை ஊதாக் கடந்த கதிர்களைத் தடுக்கின்றதா? மற்றக் கண்ணிலே உள்ளது எவ்வகை? கூடுதலாகக் கேட்கப்படும் பணம் நிறத்துக்கா, அன்றி வேறு வசதிக்கா? சிகிச்சையைப் பிற்போட்டால் என்ன நேரும்? இவற்றுக்கு விடை பெற்றபின் எடுக்கும் முடிவு அச்சத்தினால் எடுத்த முடிவாக இராது.

அந்த மகன் அவ்வாறே கேட்டான். மூதாட்டியின் விழித்திரையிலே நோய் இல்லை. காணி ஈடு வைக்கப்படவில்லை. அரசாங்க வைத்தியசாலையிலே அவருக்குத் தெளிந்த வில்லை வைக்கப்பட்டது. கட்டு அவிழ்த்த நாளிலே வைத்தியர், "எப்படி ஆச்சி, தெரியுதோ?" என்று கேட்டார். மூதாட்டி வைத்தியரின் முகத்தைப் பார்க்கவில்லை. யன்னலினூடே வானத்தையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதென்ன ஐயா, ஆரோ புதுசாச் சாயம் போட்டமாதிரி" என்றார். வீடு திரும்பிச் சில வாரங்கள் சென்றபின், திரும்பி வந்த அந்தப் பழைய பெட்டியை அடுக்களைப் பரணிலிருந்து எடுப்பித்து, மடியிலே வைத்து, பச்சை ஓலைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டு, அவ்விடத்தே நீலத்தை இழைத்தார். பேர்த்தி அருகிலே இருந்தாள். ஆனால் எது நீலம் என்று அவளைக் கேட்கவேண்டிய தேவை அவருக்கு நேரவில்லை.